வெய்யோவின் ஒன்பது பூஜ்யங்கள்

என் தம்பி வெய்யோ நாற்பத்தொரு குளிர்காலம் ஒரே பாதையில் பறவை எண்ணியவன். எங்கள் ஹாபவாராவில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. பக்கத்து இரண்டு ஊர்களிலும் இல்லை; விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பாதையின் நீளம் பதினொரு கிலோமீட்டர் இருநூறு மீட்டர். பழைய பால் நிலையத்தில் தொடங்கும். குளத்தைச் சுற்றி, பக்கத்து வீட்டு ஒஸ்மோவின் ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் காட்டுக்குள் நுழைந்து, சதுப்பைக் கடந்து, மின்கம்பி ஓரமாகத் திரும்பி, வெய்யோவின் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் முடியும். குளிர்காலத்துக்கு மூன்று முறை போக வேண்டும்: நவம்பர் தொடக்கத்தில், கிறிஸ்துமஸ் முடிந்ததும், பிப்ரவரிக் கடைசியில். கண்ட பறவையையும் கேட்ட பறவையையும் எழுதித் தலைநகரில் இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஃபின்லாந்து முழுக்க இப்படிப் பலர் எண்ணுகிறார்கள். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு முறைகூடத் தவறவிடாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. என் தம்பி ஒருவன்.

அவன் 1961 பிப்ரவரியில் பிறந்தான். எனக்கு அப்போது நான்கு வயது. பதினாறு வயதில் மரம் வெட்டப் போனான். நானும் அந்த வயதில் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் படிப்பு அவ்வளவுதான். வெய்யோ பதினேழு வருடம் ரம்பம் பிடித்தான். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். இவன் மட்டும் இடது காது மூடியை எப்போதும் மேலே தள்ளி விட்டிருப்பான், பல நாள் இரண்டையும் கழற்றி மரக்கட்டை மேல் வைத்துவிடுவான். ரம்பத்தின் சத்தம் கொஞ்சம் இறங்கும் இடைவெளியில் மரத்து உச்சியில் என்ன கத்துகிறது என்று கேட்க வேண்டும் அவனுக்கு. மேஸ்திரி இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாம் முறை, "உனக்குக் கூலி மரத்துக்கா, குருவிக்கா?" என்று கேட்டார். "மரத்துக்குத்தான். குருவி ஓசி" என்றானாம்.

ரம்பத்தின் அதிர்வு அவன் விரல்களைக் கெடுத்துவிட்டது. குளிரில் நான்கு விரலும் மெழுகு மாதிரி வெளுத்துப்போகும். ஊசி குத்தினாலும் தெரியாது. 1994இல் அந்த வேலையை விட்டுவிட்டுத் தபால் வண்டி ஓட்டினான். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் பென்சில் அவன் கையில் நிற்காது. அதனால் எழுதுவதற்கு அவன் மனைவி சிர்க்கா கூடப் போவாள். அவன் சொல்வான், அவள் எழுதுவாள். இருபத்தொன்பது குளிர்காலம் அப்படி.

சிர்க்கா போன ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி புளூபெர்ரி பறிக்கப் போன இடத்தில் இறந்துபோனாள். இதயம். வாளியில் பாதிக்கு மேல் பழம் இருந்தது. வெய்யோ வாளியையும் வீட்டுக்கு எடுத்து வந்தான். அன்று சாயங்காலம் இலையும் குச்சியும் பொறுக்கிப் போட்டுப் பழத்தைச் சுத்தம் செய்தான். மூன்று டப்பாவில் போட்டு, தேதி எழுதி, உறைபெட்டியில் வைத்தான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அடக்கத்தன்றுகூட அவன் பேசவில்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் என்ன கேட்டாலும் "ம்" என்றான். கதவருகில் அவளுடைய பூட்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. அவன் அதை நகர்த்தவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காபிக்கு வந்தான். முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழமை எண்ணப் போகணும். எழுத ஆள் வேணும்."

"நான் வர்றேன்."

"பதினொரு கிலோமீட்டர்."

"முப்பத்தொரு வருஷம் தினம் முந்நூறு தட்டு கழுவுனவ நான். நடக்க மாட்டேனா?"

"நடப்ப. பேசாம நடப்பியான்னுதான் யோசிக்கிறேன்."

அது அவனுடைய பழைய பேச்சு மாதிரி இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்லலாம்.

நவம்பர் மூன்றாம் தேதி காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். மைனஸ் நான்கு, காற்றில்லை, பனி கணுக்கால் அளவு. பால் நிலையத்தில் நின்று அவன் தன் விதியைச் சொன்னான்.

"நான் சொல்றத மட்டும் எழுது. நீ எதப் பாத்தாலும் காட்டாத. எதக் கேட்டாலும் சொல்லாத. நாப்பத்தோரு வருஷமா ஒரே கண்ணு, ஒரே காது. நடுவுல இன்னொரு ஜோடி சேந்தா கணக்குக் கெட்டுப்போயிடும்."

"எனக்குத் தெரிஞ்சதே காக்காவும் மரங்கொத்தியும்தான்டா."

"நல்லதுதான்."

அது முழு உண்மை இல்லை. சின்ன வயதில் அவன் வீட்டுக்குள் ஒவ்வொரு பறவை மாதிரியும் கத்திக் காட்டுவான். கேட்கக் கிடைத்த ஆள் நான்தான். அதனால் சிலது தெரியும். பொன்னுச்சிக் குருவியைத் தெரியும். ஐந்து கிராம் எடை, உச்சந்தலையில் மஞ்சள் கோடு, ஸ்ப்ரூஸ் மரத்தின் உயரத்தில் இலைக்குள் இலையாகத் திரியும். கண்ணில் படுவது அபூர்வம். ஊசியால் கண்ணாடியைக் கீறுவது போன்ற ஒரு மெல்லிய குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தக் குருவியால்தான் வெய்யோவும் ஒஸ்மோவும் பகை. ஒஸ்மோ எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், வெய்யோவின் வகுப்புத் தோழன். 2015 குளிர்காலத்தில் தன் ஸ்ப்ரூஸ் காட்டில் மூன்று மரத்துக்கு ஒன்று என்று களைந்து வெட்டினான். அடுத்த குளிர்காலம் வெய்யோவின் தாளில் பொன்னுச்சிக்கு நேரே பூஜ்யம். அதற்கடுத்த வருடமும் பூஜ்யம். வெய்யோ உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான், பெயர் போட்டே: ஒஸ்மோவின் ரம்பம் முப்பத்திரண்டு வருடக் குருவிகளை ஒரே மாதத்தில் துரத்திவிட்டது என்று. ஒஸ்மோ கடிதத்தை வெட்டியெடுத்து வெய்யோவின் தபால் பெட்டியில் திருப்பிப் போட்டான். அதற்குப் பின் எட்டு வருடம் இருவரும் பேசவில்லை. மொத்தம் ஒன்பது குளிர்காலம் பூஜ்யம்.

அடுத்து வரும் பிப்ரவரி பதினாறாம் தேதி ஊர்ச் சங்கத்தில் வெய்யோ பேசுவதாக ஏற்பாடு. நாற்பத்தொரு வருடக் கணக்கைப் படம் போட்டுக் காட்டுவதாக இருந்தான். பொன்னுச்சிக்கென்று தனியாக ஒரு படம். கோடு மேலேயே ஓடி, 2015க்குப் பிறகு தொபுக்கென்று விழும். அதைக் காட்டி, ஒஸ்மோவின் காட்டில் இனி ரம்பம் கூடாது என்று சங்கத்தைத் தீர்மானம் போட வைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். சிர்க்கா போன பிறகு அவன் எதற்காவது காலையில் எழுந்தான் என்றால் இதற்காகத்தான்.

ஒஸ்மோவின் காட்டுக்குள் நுழைந்து இருபது நிமிடம் இருக்கும். தலைக்கு மேல் அந்தக் குரல் கேட்டது. ஒன்றல்ல, மூன்று நான்கு. நான் பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அவன் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, மூச்சைப் பிடித்துக் கேட்டான். குரல் அவன் தொப்பிக்கு நேர் மேலே இருந்தது.

"பட்டாணிக் குருவி ரெண்டு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல" என்றான். நடந்தான்.

நான் பட்டாணிக் குருவி இரண்டு என்று எழுதினேன். சொல்லாதே என்று சொல்லியிருந்தான். அதனால் சொல்லவில்லை. அதுமட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் பழைய நோட்டுகளை என்னிடம் கொடுத்தான். படம் போடுவதற்கு எண்களை வரிசையாக நல்ல தாளில் எழுதித் தர வேண்டும். என் கையெழுத்து தெளிவாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு அட்டவணை எழுதினது நான்தான். நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டு வந்தேன். 2016 நவம்பர்ப் பக்கத்தில் பொன்னுச்சிக்கு நேரே சிர்க்காவின் கையில் ஒரு பூஜ்யம். அதற்கு இடப்பக்கம், ஓரத்தில், பென்சிலால் நான்கு சின்னப் புள்ளிகள். அழுக்கு என்று நினைத்து ரப்பரை எடுத்தேன். அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். ஏழு புள்ளிகள். அதற்கடுத்து இரண்டு. வேறு எந்தப் பறவைக்கும் புள்ளி இல்லை. ரப்பரை வைத்துவிட்டேன்.

ஒன்பது குளிர்காலத்தில் போன பிப்ரவரியோடு முடிந்தவை எட்டு. இருபத்து நான்கு நடை. எல்லாப் புள்ளியையும் இரண்டு முறை கூட்டினேன். நூற்று நாற்பத்து மூன்று வந்தது.

அவள் கேட்டிருக்கிறாள். சொல்லவில்லை. ஏன் என்று கேட்க அவள் இல்லை.

டிசம்பர் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, மைனஸ் பதினாறு. வெளிச்சம் வந்த பிறகு ஒன்பதரைக்குப் புறப்பட்டோம், இந்த முறை ஸ்கீயில். குளத்தங்கரையில் முயல் தடம், அதற்குக் குறுக்கே நரித் தடம். கூக்கெலி இரண்டு எங்கள் பின்னாலேயே மரம் மரமாக வந்தன. அந்தக் காட்டுக் காக்கைக்கு மனிதப் பயம் கிடையாது. வெய்யோ அதற்கு ஒரு துண்டு சாசேஜ் போடுவதற்கு முன் எண்ணில் சேர்க்கச் சொன்னான். ஒஸ்மோவின் காட்டில் நான் கையுறைக்குள் விரல் மடக்கி எண்ணினேன். ஐந்து. அவன் ஆறு நிமிடம் அசையாமல் நின்றான். தாடியில் மூச்சு உறைந்து வெள்ளையாக இருந்தது.

"சைபர் போடு" என்றான்.

போட்டேன்.

வீட்டுக்கு வந்து பிராக்கா அப்பத்தைச் சூடு பண்ணி, முட்டை கலந்த வெண்ணெய் தடவி, காபி ஊற்றினேன். அவன் விரல்கள் இன்னும் வெள்ளையாக இருந்தன. கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்திருந்தான். முகம் சிவந்து கிடந்தது. சளி பிடித்திருக்கிறதா பார் என்று காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கொடுத்தேன். அக்குளில் வைத்துக்கொண்டான். அரை நிமிடத்தில் அது பீப் பீப் என்று நான்கு தடவை அடித்து ஓய்ந்தது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம்.

"இது எப்பதான் அடிக்கும்?"

"அடிச்சு மூணு நிமிஷம் ஆச்சு வெய்யோ."

கருவியை எடுத்துப் பார்த்தான். முப்பத்தாறு எட்டு.

"பேட்டரி வீக்கா இருக்கும்."

"பேட்டரி அக்டோபர்ல மாத்துனது."

நான் நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். 2016 நவம்பரைத் திறந்து புள்ளி மேல் விரலை வைத்தேன். இன்று ஐந்து, நவம்பரில் மூன்றோ நான்கோ என்று சொன்னேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் புரட்டினான். வெளியே வெளிச்சம் போய்விட்டிருந்தது, மணி மூன்றுகூட ஆகவில்லை.

"எவ்வளவு?" என்றான்.

"நூத்தி நாப்பத்தி மூணு."

"ரெண்டு தடவ கூட்டுனியா?"

"கூட்டுனேன்."

எழுந்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டான். வாசலில் நின்று, "காது மூடிய ஏன் கழட்டுனேன் தெரியுமா அக்கா?" என்றான்.

"தெரியும்."

"இந்தக் குருவியக் கேக்கத்தான்."

போய்விட்டான். ஜனவரி முழுக்க விறகு பிளந்தான். மூன்று குளிர்காலத்துக்குப் போதுமான விறகு. நான் காபிக்குக் கூப்பிட்டால் வந்தான், குடித்தான், போனான். அந்தப் படத்தைக் காட்டுவானா மாட்டானா என்பது எனக்குத் தெரியாது. காட்டினால் நான் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லுவேனா என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல தாளில் எண்களை எழுதி முடித்து அவன் தபால் பெட்டியில் போட்டேன்.

பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி. சங்கக் கட்டடத்தில் முப்பத்தேழு பேர். ஒஸ்மோ மூன்றாவது வரிசை ஓரத்தில், தொப்பியைக் கழற்றாமல், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சங்கத் தலைவி காபியையும் கேக்கையும் பேச்சு முடிந்த பிறகுதான் தருவோம் என்று அறிவித்தாள்.

"அப்போ சீக்கிரம் பேசச் சொல்லு" என்றான் ஒஸ்மோ சத்தமாக. சிலர் சிரித்தார்கள்.

வெய்யோ கல்யாணத்துக்கு வாங்கின கோட்டைப் போட்டிருந்தான். தோளில் இறுக்கம். பட்டாணிக் குருவியைப் பற்றிப் பேசினான், மரங்கொத்தியைப் பற்றிப் பேசினான், காட்டுக்கோழி குறைந்ததைச் சொன்னான். தாளைப் பார்க்காமலே பேசினான். எல்லா எண்ணும் சரி. நான் பின் வரிசையில் தாளை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதாக அந்தப் படம் சுவரில் விழுந்தது. மேலே ஓடும் கோடு, தொபுக்கென்று விழும் இடம், அதற்குப் பின் தரையோடு தரையாக ஒன்பது வருடம். ஒஸ்மோ தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான்.

"இது பொன்னுச்சி" என்றான் வெய்யோ. கோடு விழும் இடத்தைக் கையால் தொட்டான். "இந்தக் கோடு பறவையோடது இல்ல. என் காதோடது. குருவிங்க அங்கதான் இருந்திருக்கு. அந்த மெல்லிசான சத்தம் எனக்குத்தான் கேக்கல. கூட வந்தவங்களுக்குக் கேட்டிருக்கு. சிர்க்கா புள்ளி வெச்சிருக்கா, நூத்தி நாப்பத்தி மூணு. ஒஸ்மோ காட்டுல குருவி போகல. நான் பத்திரிகைல எழுதுனது தப்பு. அலுவலகத்துக்கும் எழுதிட்டேன், என்னோட சைபர் ஒன்பது வருஷத்தையும் எடுத்துடச் சொல்லி."

ஒஸ்மோதான் முதலில் பேசினான்.

"எட்டு வருஷம் எடுத்துக்கிட்டியேடா இத சொல்ல."

"எனக்கே ரெண்டு மாசம் முன்னாடிதான் தெரிஞ்சுது."

"நான் அப்பவே சொன்னேன். என் காட்டுல கத்துதுன்னு. கடை வாசல்ல வெச்சுச் சொன்னேன்."

"சொன்ன. பொய் சொல்றேன்னு நினைச்சேன்."

"செவிட்டுப் பயலே" என்றான் ஒஸ்மோ. குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை. "போன மாசம் கையெழுத்துப் போட்டுட்டேன். முழுசா வெட்டறதுக்கு. மார்ச் மூணாந் தேதி மெஷின் வருது. நீ இன்னிக்கு இங்க நின்னு என்னக் கிழிக்கப்போறன்னு ஊரே சொல்லுச்சு. தீர்மானம் போடப்போறாங்கன்னாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு போட்டேன்."

"நிறுத்த முடியாதா?" என்று கேட்டது நான்தான். எனக்கே தெரியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

"ஒப்பந்தம் அக்கா. நான் கேட்டுப் பாக்கறேன். நிறுத்த மாட்டாங்க."

கேட்டுப் பார்த்தான். புதன்கிழமை அவனே வெய்யோ வீட்டுக்கு வந்து வாசலில் நின்று சொன்னான். நிறுத்த மாட்டார்கள். உள்ளே வா என்றான் வெய்யோ. ஒஸ்மோ வந்தான். கதவருகில் சிர்க்காவின் பூட்ஸுக்குப் பக்கத்தில் தன் பூட்ஸைக் கழற்றி வைத்தான். இருவரும் காபி குடித்தார்கள். நான் போனபோது இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இருந்த நாற்பது நிமிடத்தில் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "பனி இந்த வருஷம் கம்மி" என்றான் ஒஸ்மோ.

மூன்றாவது நடை பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி. மைனஸ் ஒன்பது, வெயில். ஒஸ்மோவின் எல்லை மரங்களில் ஆரஞ்சு நிற நாடா கட்டியிருந்தார்கள், ஆள் தலை உயரத்தில், ஒவ்வொரு பதினைந்து மீட்டருக்கும் ஒன்று. வெய்யோ வழக்கமான இடத்தில் நின்றான். இந்த முறை தலையைச் சாய்க்கவில்லை. ஸ்கீக் குச்சியில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றான்.

"இருக்கா?" என்றான்.

நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பாதையில் அவன் இன்னொருவரைக் கேட்டது அது முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இருக்கு."

"எத்தன?"

இரண்டு மரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. குரல் ஒன்றோடொன்று கலந்ததால் உறுதியாகச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் காத்திருந்தான்.

"ஆறு."

"நிச்சயமா?"

"ஆறு."

"தனியா ஒரு தாள்ல எழுது. உன் பேரப் போட்டு. 'ஐரி'ன்னு முழுசா எழுது."

எழுதினேன். என் தம்பியின் தாளில் பொன்னுச்சிக்கு நேரே ஒன்றும் போடாமல் விட்டேன். பிறகு சதுப்பைக் கடந்தோம். இன்னும் நான்கரைக் கிலோமீட்டர் இருந்தது. மின்கம்பிக்கு மேலே அண்டங்காக்கை ஒன்று வடக்கே பறந்தது. அது கத்தியது அவனுக்குக் கேட்டது. "அண்டங்காக்கை ஒண்ணு, 11.50" என்றான். அதையும் எழுதினேன்.